கருவிக்கு வேர்க்கக் கூடாது

மதுரை மாநகரின் மிகக் குளிர்ச்சியான அறையை நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம்.

கீழவாசல் பக்கம் ஒரு சந்து. எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சந்தில் ஒரு மாடி அறை. கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஜன்னல் ஒன்றே ஒன்று – அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி. சித்திரை மாதத்து நண்பகலில் அந்த அறை கொடைக்கானலைப் போலக் குளிர்ந்திருந்தது என்று பல்கலைக்கழகத்தின் கருவி வரைபடம் போட்டுச் சாட்சி சொன்னது.

நம்புகிறீர்களா? நாங்களும் நம்பவில்லை.

நாங்கள் என்பது ஜெபா அக்காவும் நானும். ஜெபா அக்கா பசுமலைக்காரர். புவியியல் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறார். வசிக்கும் இடம் மனித உடம்பை என்ன செய்கிறது என்பதே அக்காவின் கேள்வி. கூரை எதனால் ஆனது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, தெருவில் மரம் உண்டா... இவற்றுக்கும் நம் தலைவலிக்கும் தூக்கமின்மைக்கும் உறவு உண்டா?

யோசித்துப் பாருங்கள். டாக்டரிடம் போனால் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறார். எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்று கேட்கிறார். பகலெல்லாம் எந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று இதுவரை எந்த டாக்டராவது உங்களைக் கேட்டதுண்டா?

இலக்கிய மாணவிக்கு இதில் என்ன வேலை என்பீர்கள். ஆங்கிலத்தில் இருந்த கேள்வித்தாளைத் தமிழாக்குவதும், அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாக அக்காவுடன் செல்வதும் என் வேலை. தமிழாக்கத்தைச் செம்மையாகவே செய்திருந்தேன். முதல் நாள், ஆனையூரில், முதல் வீட்டில், தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன்.

“நண்பகல் வேளைகளில் தங்களுக்கு அயர்ச்சியோ தலைச்சுற்றலோ ஏற்படுவதுண்டா?”

அந்த அம்மாள் ஒரு முறை உள்ளே திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“அதெல்லாம் எங்க குடும்பத்துல யாருக்கும் கெடையாதும்மா. வேணும்னா எதுத்த வீட்ல கேட்டுப் பாருங்க.”

ஜெபா அக்கா தாளை என் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார்.

“மத்தியானம் கிறுகிறுன்னு வருதாக்கா?”

“வராம? நேத்துக்கூட அடுப்படியில சாஞ்சுட்டேன்ல!”

அன்றிலிருந்து கேள்வி கேட்பது அக்கா. விடைகளைக் கட்டத்தில் நிரப்புவது நான். என் சுபாவத்துக்கும் அதுவே பொருத்தம்.

கேள்விகளோடு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கருவியும் உண்டு. சோப்பு டப்பா அளவில் வெள்ளையாக ஒரு பெட்டி. திரை இல்லை, விளக்கு இல்லை, சத்தம் இல்லை. இருக்கும் இடத்தின் வெப்பத்தைத் தனக்குள்ளேயே குறித்துக்கொண்டு இரண்டு வாரம் மௌனமாக இருக்கும். கணினியில் இணைத்தால்தான் வாய் திறக்கும். எனக்கு அதனிடம் ஒரு தனி மரியாதை.

கொடுக்கும்போது இரண்டு விதிகளைச் சொல்வோம். நீங்கள் பகலில் அதிக நேரம் இருக்கும் இடத்தில் மாட்டுங்கள். மாட்டிய இடத்திலிருந்து எடுக்காதீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம்... நான் ஒரு வாக்கியம் சேர்த்தேன்.

“இது யுனிவர்சிட்டிப் பொருள். பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.”

பார்த்துக்கொண்டார்கள்! ஆனையூரில் ஒரு வீட்டில் அது பீரோவுக்குள், வளையல்களோடு பூட்டப்பட்டு இரண்டு வாரம் இருந்தது. இன்னொரு வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில், முட்டைகளுக்குப் பக்கத்தில். அழகர்கோவில் அடிவாரத்து வீட்டில் எங்களுக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. போய்ப் பார்த்தால், கருவிக்கு நேர் எதிரே ஒரு டேபிள் ஃபேன்.

“இது எதுக்குண்ணே?”

“அதுக்கும் வேர்க்கும்லம்மா” என்றார் அந்த வீட்டுக்காரர். அவர் முதுகுச் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் இருந்த ஒரே ஃபேன் அது.

வெப்பத்தை அளக்க வந்த கருவியை வெப்பத்திலிருந்து காப்பாற்றுகிறார்கள். இந்த ஊரில் வேறு எப்படி நடக்கும்? வந்தவரை நிழலில் உட்காரவைத்து, சர்பத் கொடுத்து, ஃபேனைத் திருப்பிவிட்டுப் பிறகுதானே “என்ன விஷயமா வந்தீங்க” என்று கேட்கிறோம்.

ஜெபா அக்காவின் பட்டியலில் வீடுகள் ஒவ்வொன்றாக அடிபட்டுக்கொண்டே வந்தன.

கீழவாசல் சந்துக்கு வருகிறேன்.

அந்த மாடி அறையில்தான் மும்தாஜ் அக்கா தையல் மிஷின் போட்டிருக்கிறார். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம். காலையில் மாடி ஏறினால் அந்தி சாயும்வரை அங்கேதான். வெயில் ஏறினால் தலைவலியும் ஏறும். சில நாள் கண் இருட்டிக்கொண்டு வரும். ஒரு நாள் அப்படி இருட்டியபோது, ஓடிக்கொண்டிருந்த ஊசிக்கு அடியில் விரலைக் கொடுத்துவிட்டார்.

இதற்கு வைத்தியம் நடக்காமல் இல்லை. டாக்டர் ஒரு டானிக் எழுதினார். கண்ணாடிக் கடையில் ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். அவருடைய கணவர் சிக்கந்தர் அண்ணனோ, ரீல்ஸ் பார்ப்பதை நிறுத்தினால் போதும் என்றார். அவர் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவர். ஆகவே, இந்த யோசனைக்கு ஒரு தொழில்முறைக் கனமும் இருந்தது.

மும்தாஜ் அக்கா கேட்பது ஒன்றே ஒன்றுதான். மிஷினைக் கீழே ஹாலில் இறக்க வேண்டும். அங்கே கான்கிரீட் கூரை, அதற்கும் மேலே மாடி அறை. வெயில் அவ்வளவு எளிதில் இறங்கி வராது.

ஆனால், ஹாலில் சோபா இருக்கிறதே!

மெரூன் நிறச் சோபா. வாங்கி மூன்று வருடமாகியும் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. விருந்தாளிகளுக்கு மட்டும் உரியது. எங்களையும் அதில்தான் உட்காரவைத்தார்கள். மதுரை வெயிலில் பிளாஸ்டிக் உறை போட்ட சோபாவில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்குத் தெரியும்... எழும்போது ஒரு சத்தம் வரும். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் நின்றுகொண்டே பேசுவது உத்தமம்.

“ஏன்க்கா, கீழ ஹால்ல போட்டுத் தைக்கலாம்ல?” என்று கேட்டார் ஜெபா அக்கா.

“நானா வேணாங்குறேன்? அவுகளக் கேளு தங்கச்சி.”

“ஆளுக வந்தா எங்க மேடம் உக்கார வைக்கிறது? வெட்டுத் துணிக்கு நடுவுலயா?” என்றார் சிக்கந்தர் அண்ணன்.

“எந்த ஆளுக? போன ரம்ஜானுக்கு ஒங்க மச்சான் வந்ததோட சரி. அவரும் வாசல்ல நின்ன வாக்குலயே பேசிட்டுப் போயிட்டாரு.”

“மேல நல்லாத்தான் காத்து வருது மேடம். இவளுக்குக் கீழ எறங்க ஒரு சாக்கு வேணும்.”

“ஒரு நாளாச்சும் மத்தியானத்துல அங்க உக்காந்து பாத்திருக்கீகளா?”

“நான் கடையப் பாக்கவா, ஒன் மாடியப் பாக்கவா?” என்றவர், ஜெபா அக்கா கையில் இருந்த கருவியைக் கண்டதும் நிமிர்ந்தார். “இந்தா, பொட்டி வந்திருக்குல்ல. மேல சூடுன்னு பொட்டி சொல்லட்டும். மறுநாளே மிஷினக் கீழ எறக்கிப்புடுறேன். மேடம் சாட்சி. இந்தப் பாப்பாவும் சாட்சி.”

“அஞ்சு வருசமா நான் சொல்றேன். அதக் கேக்கல. பொட்டி சொன்னாக் கேப்பீகளாக்கும்?”

“நீ யுனிவர்சிட்டியா?”

மும்தாஜ் அக்கா கருவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அன்றைக்கே அதற்கு ஒரு பை தைத்துவிட்டார். காற்றுப் போக வலைத்துணி. விளிம்பில் மிச்சமிருந்த ஜரிகை. மிஷினுக்கு மேலே ஓர் ஆணி அடித்து, அதில் மாட்டினார்.

“நல்லாப் பாத்துச் சொல்லு, என்ன?” என்று பையைப் பார்த்துச் சொன்னது என் காதில் விழுந்தது.

இரண்டு வாரம் கழித்து, துறையில், அந்தக் கருவியைக் கணினியில் இணைத்தோம். திரையில் ஒரு கோடு ஏறியது. காலை எட்டு மணி, ஒன்பது, பத்து... நன்றாக ஏறிக்கொண்டே வந்தது. சரியாகப் பதினோரு மணிக்குக் கிணற்றில் விழுந்ததைப் போல் விழுந்தது. மாலை ஐந்து மணிவரை அடியிலேயே கிடந்தது. பிறகு எழுந்து வந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

“என்னடி இது? தெனமும் பதினோரு மணிக்குக் கொடைக்கானல் பஸ் ஏறி, அஞ்சு மணிக்கு வந்து எறங்குது?” என்றார் ஜெபா அக்கா.

இலக்கியம் படிப்பதில் ஒரு பயன் உண்டு: எந்த இடத்தில் நடை மாறுகிறது என்று கண் தானாகத் தேடும். பதினான்கு நாள்களில் இரண்டு நாள் மட்டும் கோடு விழவில்லை. பகல் முழுவதும் ஏறி, ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே உச்சியில் நின்றிருந்தது. இரண்டும் வெள்ளிக்கிழமை.

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை எது மூடியிருக்கும் என்று இருவரும் யோசித்தோம். இருவருக்கும் ஒரே விடை கிடைத்தது. ஆனாலும், ஆய்வு என்றால் கேட்டு உறுதி செய்ய வேண்டுமல்லவா?

சென்ற வாரம் வெள்ளிக்கிழமை போனோம். சிக்கந்தர் அண்ணன் ஜும்மா தொழுகை முடித்து வந்து, வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். நாங்கள் சோபாவில். மும்தாஜ் அக்கா நன்னாரி சர்பத் கொடுத்துவிட்டு, வரைபடத்தைக் கையில் வாங்கினார். வரைபடம் படிக்க அவருக்குத் தெரியாது. மார்பளவும் இடுப்பளவும் குறிக்கிறவர். கோடு எங்கே கிடக்கிறது என்று பார்க்கத் தெரியும்.

“மத்தியானத்துக் கோடு இதா?”

“ஆமாக்கா.”

“கீழ கெடக்கு.”

“ஆமாக்கா. ஆனா...”

அவர் ‘ஆனா’வைக் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். கோடு அங்கேயேதான் கிடந்தது.

“அப்ப மேல சூடே இல்லையா? எனக்குத்தான் கோளாறா?”

இந்தப் பத்திரிகைப் பத்தியில் நான் சிரிக்காமல் எழுதும் வரி இது. ஐந்து வருடமாகத் தன் தலை வலிக்கிறது என்று சொல்லிவந்த ஒருவர், ஒரு தாளைப் பார்த்துத் தன் தலையைச் சந்தேகப்பட்டார்.

சிக்கந்தர் அண்ணன் “பாத்தியா, நான் சொன்னேன்ல” என்று தொடங்கினார். ஜெபா அக்கா குறுக்கிட்டார்.

“அண்ணே, ஒரே ஒரு சந்தேகம். பொட்டி தெனமும் பதினோரு மணிக்கு எங்க போகும்?”

“அதுவா?” ஒளிக்க அவரிடம் எதுவும் இல்லை. முகத்தில் பெருமைதான் இருந்தது. “கடை தொறக்கப் போறப்ப நான்தான் பையிலருந்து எடுத்துட்டுப் போயிருவேன் மேடம். கடையில ஏசி இருக்குல்ல. சாயந்தரம் டீ குடிக்க வாரப்ப திரும்பப் பையில போட்டுருவேன். வெள்ளிக்கிழமை மட்டும் கடை லீவு. அப்ப இவ அடுப்படியில இருப்பா; மேல வந்தாலும் குனிஞ்ச தல நிமிராமத் தைக்கிறவ, இவளுக்குக்கூடத் தெரியாது. காலையும் சாயந்தரமும் அது பாட்டுக்கு வேல பாக்கட்டும். மத்தியானத்துல வீட்ல யாரு இருக்கா?”

“நான் இருக்கேன்” என்றார் மும்தாஜ் அக்கா.

ஃபேன் எங்கள் பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“அதில்லடி... யுனிவர்சிட்டிப் பொருளு. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான்ல பதில் சொல்லணும்? இருபது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். மத்தியானத்துல அந்த ரூம்ல வச்சா உள்ள இருக்குற பேட்டரி வீங்கிரும்.”

மும்தாஜ் அக்கா முகத்தை மிகச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டார்:

“அம்புட்டுச் சூடாவா இருக்கும்?”

“பின்ன? தோசக்கல்லுல்ல அது! ஷீட்டத் தொட முடியாது. ஒரு பொருள வைக்க முடியாது அங்க. எலக்ட்ரானிக் சாமான்லாம் ஒரு மணி நேரம் தாங்காது. மனுசன் எப்படி அங்க...”

வாக்கியம் நின்றது.

நான் பல வாக்கியங்களைப் பகுத்துப் படித்திருக்கிறேன். பாதியில் நின்றும் இவ்வளவு முழுமையாகப் பொருள் தந்த வாக்கியத்தை இதுவரை கண்டதில்லை.

மும்தாஜ் அக்கா அதை முடித்துவைக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. காலியான சர்பத் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஜெபா அக்கா இரண்டு வெள்ளிக்கிழமைக் கோடுகளையும் பேனாவால் வட்டமிட்டு, தாளை அண்ணன் பக்கமாகத் தள்ளினார். அவர் அதைப் பார்த்தார். மாடிப்படியைப் பார்த்தார். கடைசியாக எங்களைப் பார்த்தார் – எங்களை அல்ல, நாங்கள் உட்கார்ந்திருந்ததை.

“சோபாவ எங்க போடுறது?” என்றார்.

“மேலதான்” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அதில் மூன்று வருடத்துத் தயார்நிலை தெரிந்தது.

மறுநாளே மிஷின் கீழே இறங்கியது; சோபா மேலே ஏறியது. சொன்ன சொல்லை அண்ணன் காப்பாற்றிவிட்டார். பக்கத்துக் கடை நண்பர் ஒருவர் வந்து கை கொடுத்தாராம். “மாப்ள, சாச்சுப் பிடி”, “நீ மொதல்ல ஒசத்துடா” என்று சந்தே கூடி யோசனை சொல்லியிருக்கிறது. மூன்று வருடம் காத்துவைத்த பிளாஸ்டிக் உறை, படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரே இழுப்பில் கிழிந்தது. பரவாயில்லை... உள்ளே என்ன நிறம் என்று அந்தக் குடும்பத்துக்கு அன்றுதான் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

இரண்டு வெள்ளிக்கிழமைகள் ஆய்வுக்குப் போதாது. இப்போது மிஷினும் இடம் மாறிவிட்டதால் மறுபடி அளப்பதற்கும் வழியில்லை. ஜெபா அக்கா அந்த வீட்டையும் பட்டியலில் அடித்தார். அடித்த வீடுகளுக்கு அவர் பெருமூச்சு விடுவது வழக்கம். இதற்கு விடவில்லை.

எனக்கோ அந்தச் சோபா மனத்தை விட்டுப் போகவில்லை. நம் வீடுகளைக் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். காற்று வரும் அறை விருந்தாளிக்கு. நல்ல கண்ணாடித் தம்ளர் விருந்தாளிக்கு. ஓசையில்லாத ஃபேன் விருந்தாளிக்கு. அவர் வருடத்துக்கு ஒரு முறை வருகிறார். வாசலில் நின்றபடியே பேசிவிட்டுப் போகிறார். மிச்ச நாள்களில் அந்த நல்ல இடத்தைக் காலியாகக் காவல் காத்துக்கொண்டு, நாம் ஷீட்டுக்குக் கீழே உட்கார்ந்து டானிக் குடிக்கிறோம். நான் மட்டும் என்ன ஒழுங்கு? எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மேசை இருக்கிறது. அதன்மேல் பீங்கான் மயில் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பத்தியை நான் எழுதுவது அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடுவே உள்ள நடைவழியில்.

நேற்று வெள்ளிக்கிழமை. அதே சந்தில் பக்கத்து வீட்டுக்குக் கருவி மாட்டப் போனோம். இந்த முறை ‘பத்திரம்’ என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. திரும்பும்போது மும்தாஜ் அக்கா விடாமல் உள்ளே இழுத்துக்கொண்டார். ஹாலில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் பச்சையும் மஞ்சளுமாக வெட்டுத் துணி. எங்களுக்கு இரண்டு ஸ்டூல். எழுந்தால் சத்தம் வராத ஸ்டூல்.

“தலவலி எப்படிக்கா இருக்கு?”

“இந்த வாரம் ஒரு நாள்தான் வந்துச்சு. அதுவும் இவுக தங்கச்சி போன் பண்ணுன அன்னிக்கு.”

“அண்ணே எங்க?”

“மேல. ‘சோபா எங்க இருக்கோ, நான் அங்க’ன்னு தலகாணியத் தூக்கிட்டு ஏறிட்டாக. மத்தியானத் தூக்கம்.”

மணி இரண்டரை. படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. சிக்கந்தர் அண்ணன் இறங்கி வந்தார். ஒரு கையில் தலையணை, இன்னொரு கையில் போன். முகம் இட்லிக் கொப்பரையைத் திறந்து பார்த்தவர் முகம் போல் இருந்தது. பனியன் உடம்போடு ஒட்டிக்கிடந்தது.

மும்தாஜ் அக்கா பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை; தலையை மட்டும் நிமிர்த்தினார்.

“என்ன, எறங்கிட்டீக?”

“மேல சிக்னல் கெடைக்கல.”

செல்போன் சர்வீஸ் கடைக்காரரே சொல்கிறார். மறுத்துப் பேச நாங்கள் யார்? அவர் வெட்டுத் துணிகளைக் காலால் ஒதுக்கினார். மிஷினுக்குப் பக்கத்தில், வெறுந்தரையில் தலையணையைப் போட்டுப் படுத்தார். ஐந்தே நிமிடத்தில் குறட்டை கேட்டது.

கீழே சிக்னல் பிரமாதம்.